புதுப்பித்த பழைய வீட்டின் பின்கட்டு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (புதுச்சேரி)

பின்கட்டு_வேதா

வணக்கம். பழைய வீட்டு வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61 வயது. 35 வருஷம் நர்ஸ் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். கணவர் இல்லை. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இப்போது ரெட்டியார்பாளையத்தில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. முட்டி வலியோடு ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்க இனிமேல் முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது டவுனில், வேதபுரீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில், ஆயா (பாட்டி) வீட்டில். வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி என்றாலே கடற்கரைப் பக்கம் மஞ்சள் அடித்த பிரெஞ்சு வீடுகளைத்தான் நினைப்பார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் எங்கள் தமிழ்ப் பகுதி வீடுகள் வேறு மாதிரி. தெருவைப் பார்த்துத் திண்ணை, அதற்கு மேல் மரத்தூண் வைத்த ஓட்டுத் தாழ்வாரம், தலைவாசல் தாண்டினால் முற்றம், அதற்குப் பின்னால் கட்டு கட்டாகப் போகும். ஆயா வீட்டை 1996-ல் பங்காளிகள் விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் துணிக்கடை கோடவுன் இருக்கிறது. அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

இரண்டு வாரம் முன்பு அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காட்டினார்கள். பழைய வீடுதான். முன்கட்டில் உரிமையாளரின் சித்தப்பா இருக்கிறார். உரிமையாளர் பிரான்சில். பின்கட்டை மட்டும் தனியாகத் தடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். புரோக்கர் அதை ‘ஸ்டூடியோ அப்பார்ட்மெண்ட்’ என்கிறார். சுமார் 300 சதுர அடி, ஒரே அறை. ஒரு ஓரத்தில் கிரானைட் மேடை போட்ட கிச்சன், அதை ஒட்டி பாத்ரூம். அறைக்கு மேலே மரப்பலகையில் பரண் மாதிரி ஒரு மேடை போட்டு, அதுதான் படுக்கை என்கிறார்கள். ஏணிப்படி ஏறி நான் படுக்கப் போவதில்லை, கீழேயே கட்டில் போட்டுக்கொள்வேன். தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை, அதை உடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டேன். ஆயா வீட்டுத் தரையும் அப்படித்தான் இருக்கும், மத்தியானம் வெறும் தரையில் படுத்தால் முதுகெல்லாம் குளிரும்.

வாடகை 14,000. அட்வான்ஸ் 1 லட்சம். இரண்டும் என்னால் முடியும்.

உறுத்துவது ஒன்றுதான். கிச்சன் பக்கச் சுவரில் கை வைத்தேன். பெயிண்ட் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருக்கிறது. விரலால் தொட்டதும் உள்ளே இருந்து வெள்ளையாகப் பொடி கொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. சித்தப்பா, ‘மழைக்காலத்து ஓதம், இன்னொரு கோட்டிங் அடித்தால் போய்விடும்’ என்கிறார். நல்ல மனிதர்தான், ஏமாற்றுகிற ஆள் இல்லை.

ஒரு கோட்டிங்கில் போகுமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்? அந்த வீட்டை விட மனசில்லை. அதே சமயம் ஓய்வுக்கு வந்த பணத்தை ஈரச் சுவரில் கொட்டவும் முடியாது.

முத்தியால்பேட்டை_ரவி

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே 14,000-க்கு லாஸ்பேட்டையில் தரைத்தளத்தில் இரண்டு பெட்ரூம் வீடு கிடைக்கும். கார் நிறுத்த இடம் இருக்கும், போர்வெல்லில் தண்ணீர் வரும். டவுனுக்குள் ஒரு ஆட்டோ திரும்ப முடியவில்லை. சனி, ஞாயிறு வந்தால் ஊரெல்லாம் வெளியூர் வண்டி. ராத்திரி ஒரு நெஞ்சு வலி என்றால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? என் அம்மாவை அப்படித்தான் டவுனிலிருந்து அழைத்து வந்தோம். ஒரு வருஷம் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது.

தட்டோடு

அம்மா, நான் 40 வருஷம் கட்டட வேலை பார்த்தவன். கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரி ஆனேன். கடைசி 15 வருஷம் பழைய வீடு புதுப்பிக்கிற வேலை மட்டும். உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: இன்னொரு கோட்டிங்கில் போகாது. பத்து கோட்டிங் அடித்தாலும் போகாது.

காரணம் இது. அந்தக் காலத்துச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். மேலே பூசியதும் சுண்ணாம்புக் காரைதான். தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். கடலோர ஊர், நிலத்தடி ஈரத்தில் உப்பும் இருக்கும். ஆனால் சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். ஏறிய ஈரம் அதன் வழியாகக் காற்றில் போய்விடும். நூறு வருஷம் அந்தச் சுவர் நின்றது அப்படித்தான். இப்போது புதுப்பிக்கிறோம் என்று வருகிறவர்கள் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுகிறார்கள். அதற்கு மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன். ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியே வந்து காயும், உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு பூத்து விரியும்போதுதான் பெயிண்டைத் தள்ளுகிறது. இன்று ஒரு முழம் என்றால், வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்து மூடினால் அடுத்த வருஷம் இரண்டு முழம். செங்கல்லும் மெல்ல மெல்லப் பொடியாகும்.

சரி செய்ய முடியுமா? முடியும். ஈரம் தெரிகிற உயரத்துக்கு மேலேயும் ஓர் அடி சேர்த்து சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். இடுக்குச் சாந்தைச் சுரண்டி விட்டு, சுவரை அப்படியே காயப் போட வேண்டும். அவசரப்படக் கூடாது. மழை முடிந்து, பனி முடிந்து, வெயில் ஏறும் வரைக்கும் விட்டால் நல்லது. நடுநடுவே பூத்து வருகிற உப்பைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் சுண்ணாம்புக் காரை. நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணலோடு செங்கல் தூள் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசுவோம். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. சிமெண்ட் மாதிரி மறுநாளே இறுகாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாக வேண்டும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும், பெயிண்டே வேண்டாம்.

ஆனால் அம்மா, எனக்குச் சுவர் பெரிய கவலை இல்லை. சுவர் விழுந்துவிடாது, நேரம் கொடுத்தால் சரியாகும். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கூரை மெட்ராஸ் டெரஸா, அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட தளமா? உத்தரமும் சட்டமும் கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருக்கிறார்களா? மாடியில் என்ன இருக்கிறது? இதைச் சொல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

லப்போர்த்_வீதி

வேதா அக்கா, இதே மாதிரி அறையில் நான் இரண்டு வருஷமாக இருக்கிறேன். மேஸ்திரி ஐயா சொன்னதெல்லாம் சரி. குடியிருப்பவள் என்ற முறையில் சிலது நானும் சொல்கிறேன்.

அந்தப் பரணைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு நல்லது. பழைய அறைகளில் 14 அடி உயரம் வைத்தது சூடான காற்று மேலே போய் வெளியேறத்தான். மேலே சின்னச் சின்ன வென்டிலேட்டர் இருக்கும். பரண் போடுகிறவர்கள் முதலில் அதைத்தான் அடைக்கிறார்கள். நான் முதல் கத்திரியில் பரணில் படுத்துப் பார்த்தேன். கீழே பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும், ஏழு அடி மேலே அடுப்படி. உங்கள் அறையில் வென்டிலேட்டர் திறந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

முற்றத்தையும் பாருங்கள். மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருந்தால் திறந்து மூடுகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடிய முற்றம் வெறும் சூட்டடுப்பு. இன்னொன்று, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் புது டைல்ஸ் போட்டபோது மட்டத்தை இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டார்கள். ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் வாசல்படி தாண்டி என் கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது.

மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்றால் வாரக் கடைசியில் தூக்கம் போய்விடும்.

இதையெல்லாம் தாண்டி நான் ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்டால், காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போய்ப் பூவும் கீரையும் வாங்கிக்கொண்டு வர முடிகிறது. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் கதவு திறக்காமல் இருந்தபோது, எதிர்வீட்டு அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்து தட்டினார். ரவி அண்ணன் சொல்கிற லாஸ்பேட்டை அப்பார்ட்மெண்டில் என் அக்கா எட்டு வருஷமாக இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அவளுக்குத் தெரியாது.

பின்கட்டு_வேதா

எல்லாருக்கும் நன்றி. ரவி தம்பி, கோபமே இல்லை. ஆம்புலன்ஸ் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நேற்று நானே டேப் வைத்து அளந்தேன். வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வரும், ஸ்ட்ரெச்சர் தலைவாசலில் நுழையும், பின்கட்டு வரை போகும் நடையும் போதும். 35 வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவள், அதை நம்பலாம்.

மேஸ்திரி ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் மேலே பார்க்கவில்லை என்பதே உறைத்தது. கண் முழுக்கத் தரையிலேயே இருந்துவிட்டது. நேற்று எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

மெட்ராஸ் டெரஸ்தான். அறையில் முக்கால் பாகத்துக்குத் தேக்குச் சட்டங்கள் வெளியே தெரிகின்றன. பாலிஷ் போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு மேலே சாய்த்து அடுக்கிய செங்கல் வரிசையும் தெரிகிறது. ஆனால் கிச்சன் பக்கம் மட்டும் ஜிப்சம் சீலிங் போட்டு மூடியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு ‘லைட் வைக்க’ என்றார் சித்தப்பா. மாடியில் என்ன என்று ஏறிப் பார்த்தால், சரியாக அந்த இடத்துக்கு மேலே புதிதாகக் கட்டிய பாத்ரூம். மாடி அறையை விருந்தினர்களுக்கு விடப் போகிறார்களாம்.

ஆசாரி ஒரு லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டு ஒரு பலகையை மட்டும் எடுத்தார். ஏழு சட்டங்களில் இரண்டின் முனை, சுவருக்குள் போகிற இடத்தில் கறுத்து இருந்தது. ஆசாரி ஸ்க்ரூடிரைவரை முனையில் வைத்து அழுத்தினார். ஊறிய ரொட்டிக்குள் போவது மாதிரி இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது சட்டத்தில் அழுத்தினார், டங் என்று நின்றது.

சித்தப்பா அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் தெரியாது. வேலை செய்த காண்ட்ராக்டர் மூடிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் சொன்னது ஒன்று, ‘இந்த அறையில்தான் என் அம்மா எங்கள் ஐந்து பேரையும் பெற்றாள்.’ நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவரே பிரான்சுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசினார். உரிமையாளர் என்னிடமும் பேசினார், சின்னப் பையன்தான், முப்பத்தைந்து இருக்கும். ‘என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி, செய்கிறேன்’ என்றார்.

ஐயா, என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வென்டிலேட்டர் இரண்டும் அடைத்திருக்கிறது. முற்றத்துக்கு ஷீட் போட்டிருக்கிறார்கள், வாளித் தண்ணீர் மட்டும் நன்றாகப் போனது.

தட்டோடு

அம்மா, நீங்கள் செய்தது பெரிய காரியம். அந்த இரண்டு முனை இன்னும் இரண்டு மழைக்காலம் மூடியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகம், விழுந்தது ஞாபகம் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பல வருஷம் கவனிக்காமல் கிடந்தது. விழுந்த மறுநாள் நான் போய் நின்று பார்த்தேன். பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள், அது நல்ல விஷயம். ஆனால் அத்தனை செலவு செய்து திரும்பக் கட்டுவதைவிட, ஒழுகுகிற இடத்தை அன்றைக்கே பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

மெட்ராஸ் டெரஸ் கெட்ட கூரை இல்லை. சட்டத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்தால் நூறு வருஷம் தாங்கும். அது தாங்காதது ஒன்றே ஒன்றுதான், ஓயாத ஈரம். மழைத் தண்ணீர் ஓடிப் போய்விடும். பாத்ரூம் தண்ணீர் தினமும் ஊறும். ஈரம் எல்லாம் போய்ச் சேருகிற இடம் சட்டத்தின் முனை. அங்கே சுவர் மூடியிருப்பதால் காற்றே படாது.

எழுதிக் கொடுக்க வேண்டியது இதுதான். முதலில் மாடி பாத்ரூமில் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள், இன்றே. அதை அங்கே இருந்து எடுத்துவிட வேண்டும். மரச்சட்டம் தாங்குகிற தளத்தின் மேல் பாத்ரூம் கூடாது. முற்றத்தை ஒட்டி வெளிப்பக்கத்தில் தரையிலிருந்து தனியாகத் தூண் எழுப்பிக் கட்டலாம். தெருவிலிருந்து தெரியாது, ஆனாலும் பழைய வீடு என்பதால் நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. ஜிப்சம் சீலிங் முழுவதையும் எடுக்க வேண்டும், திரும்பப் போடக் கூடாது. கெட்ட இரண்டு சட்டத்துக்கும் கீழே முட்டு கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கெட்ட முனையை நல்ல மரம் வரும் வரை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பழைய தேக்குத் துண்டு வைத்து போல்ட் போட்டு முடுக்கலாம். இடித்த வீட்டுத் தேக்கு இங்கே மரக்கடைகளில் கிடைக்கிறது, அதுவே இதற்குச் சரி. சுவரில் முனை உட்காருகிற குழியில் சிமெண்ட் வைத்து அடைக்காமல் இரண்டு பக்கமும் விரல் இடைவெளி விட வேண்டும். கரையான் மருந்து அடிக்க வேண்டும். வென்டிலேட்டர் இரண்டையும் திறந்து கொசுவலை அடிக்கலாம். சுவர் வேலை நான் முன்பு சொன்னபடி.

இவ்வளவும் பொங்கலுக்கு முன் முடியாது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தப் பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கால்வே சுப்பராய செட்டி வீதியில், வைசியாள் வீதி என்று சொல்வோமே, ஒரு வரிசை வீடுகளின் முகப்பை 2000-களில் வீட்டுக்காரர்களும், பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பும் சேர்ந்து பழையபடி ஆக்கினார்கள். தாழ்வாரம், தூண், ஓடு எல்லாம். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வீடும் அந்த மாதிரி வீடுதான். பெயிண்டுக்குச் செலவு செய்த பணத்தை முதலில் சுண்ணாம்புக்கும் மரத்துக்கும் செய்திருந்தால் இப்போது நீங்கள் குடி போயிருக்கலாம்.

முத்தியால்பேட்டை_ரவி

அக்கா, படித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘அந்த வீட்டில் சிவப்புத் தரையா?’ என்று இரண்டு தடவை கேட்டார். வேலை முடிந்ததும் ஒரு நாள் அம்மாவை அழைத்து வரலாமா?

பின்கட்டு_வேதா

கட்டாயம் அழைத்து வாருங்கள் தம்பி.

மேஸ்திரி ஐயா எழுதியதை அப்படியே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாடித் தண்ணீரை அன்று சாயங்காலமே அடைத்துவிட்டார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை. சித்திரைக்குப் பிறகு பேசிக்கொள்வோம் என்று இருக்கிறோம். அதுவரை ரெட்டியார்பாளையத்துப் படிதான், பரவாயில்லை.

ஐயா, ஒரு சந்தேகம். சிமெண்ட் கொத்தும்போது சிவப்புத் தரை ஓரம் பெயராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? திங்கட்கிழமை ஆள் வருகிறார்கள். நானும் அங்கே போய் உட்காரப் போகிறேன்.

தட்டோடு

ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு மணல் கொட்டி, மேலே நனைத்த சாக்கு விரிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு அங்குலத்துக்கு மெஷின் வேண்டாம், கை உளிதான். அந்தத் தெருவில்தான் என் தம்பி மகள் வீடு இருக்கிறது. திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் வருகிறேன் அம்மா.